"எங்க இருக்கே?"

அலோர் ஸ்டாரிலிருந்து கோலா கெடாவுக்குச் சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர். ஊரைத் தாண்டினால் இருபுறமும் வயல். நாற்று நடுவதற்கு முன் தண்ணீர் கட்டியிருக்கும் நாட்களில் வானம் முழுக்கக் கீழே விழுந்து கிடக்கும். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை காலையில் எனக்கு முன்னால் ஒரு கப்சாய் மோட்டார் போய்க்கொண்டிருந்தது. ஓட்டிய பையனுக்கு இருபது, இருபத்திரண்டு வயதிருக்கும். கழுத்துப் பிடித்துக்கொண்டவனைப் போலத் தலையை இடது தோளில் சாய்த்திருந்தான். பக்கத்தில் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. ஹெல்மெட்டுக்கும் காதுக்கும் நடுவில் கைப்பேசியைச் செருகி வைத்திருக்கிறான். பேச்சு மும்முரமாக நடக்கிறது. பேச்சு சூடானால் வண்டி நடுக்கோட்டுக்குப் போகிறது, தணிந்தால் ஓரத்துப் புல்லுக்கு வருகிறது.

படகுத்துறைக்குப் பக்கத்தில் லக்சா சாப்பிட உட்கார்ந்தபோது அதே பையன் அடுத்த மேசையில் இருந்தான். தமிழ்ப் பையன். ஹெல்மெட் அழுத்திய சிவப்புத் தடம் காதோரத்தில் இன்னும் இருந்தது.

"யாரு தம்பி, அவ்வளவு நேரமா?"

"அம்மா, அங்கிள்."

"என்னவாம்?"

"எங்க இருக்கேன்னு கேட்டாங்க. ரோட்டுல இருக்கேன்னு சொன்னேன்." சொல்லிவிட்டு அவனே சிரித்தான்.

அந்தக் கேள்வியைக் கேட்க வழியே இல்லாத காலத்தில் வளர்ந்தவன் நான். பீடோங் பக்கத்தில் ஒரு கித்தாத் தோட்டம். தோட்டத்துக்கே டெலிபோன் ஒன்றுதான், அதுவும் ஆபீசில் பெரிய கிராணியின் மேசைமேல். கறுப்பு நிறம், நல்ல கனம். நாங்கள் அதை ஜன்னல் வழியாகப் பார்த்ததுண்டு. அது அடித்தால் துரைக்கு அல்லது சாவுக்கு என்று சொல்வார்கள். கூலிமில் இருந்த என் பெரியப்பா தவறியபோது, யாரோ ஆபீசுக்குப் போன் பண்ணி, கிராணி ஆபீஸ் பையனிடம் சொல்லி, அவன் சைக்கிளில் பால்காட்டுக்குப் போய், எந்த நிரையில் அப்பா மரம் வெட்டுகிறார் என்று கங்காணியிடம் விசாரித்துச் செய்தியைச் சேர்ப்பதற்குள் மதியமாகிவிட்டது. அதுவரை அப்பா வழக்கம்போலப் பால் வெட்டிக்கொண்டிருந்தார். ஒரு சாவுச் செய்தி நான்கு மணி நேரம் காத்திருந்தது. யாரும் அதைத் தாமதம் என்று சொல்லவில்லை.

அப்பாவிடம் ஒரு ஹொண்டா 70 இருந்தது. சம்பள நாளில் சுங்கைப் பட்டாணிக்குப் போவார். போய்விட்டு எப்போது வருவார் என்பது அவருக்கே தெரியாது. அம்மா லயத்து வாசற்படியில் உட்கார்ந்து அரிசி பொறுக்கிக்கொண்டோ, எங்களில் ஒருத்தர் தலையில் பேன் பார்த்துக்கொண்டோ இருப்பார். காது மட்டும் செம்மண் பாதையில் இருக்கும். ஒவ்வொரு மோட்டாருக்கும் ஒரு குரல் உண்டு. கங்காணி வண்டி கனைக்கும், டிரைவர் அண்ணன் வண்டி இருமும், அப்பாவின் வண்டி மேட்டில் ஏறும்போது ஒரு கணம் மூச்சை நிறுத்திவிட்டு மறுபடி பிடிக்கும். அந்த நிறுத்தம் கேட்டதும் அம்மா எழுந்து அடுப்பில் குழம்பை வைப்பார். அவர் வந்து காலைக் கழுவுவதற்கும் குழம்பு சூடாவதற்கும் சரியாக இருக்கும். கணவன் எந்த இடத்தில் வருகிறான் என்று அம்மாவுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. அதைத் தெரிந்துகொள்ள அவர் அப்பாவைத் தொந்தரவு செய்யவில்லை, அவ்வளவுதான்.

அதற்காக அந்தக் காலத்துச் சாலையைச் சொர்க்கம் என்று எழுத மாட்டேன். மலேசியாவில் ஹெல்மெட் கட்டாயமானது 1973இல்தான். முன்னிருக்கைக்கு இடுப்பு வார் 1979இல் வந்தது. தோட்டத்து லோரியில் ஆட்களை ஆடு மாதிரி நிற்க வைத்து ஏற்றிக்கொண்டு போவார்கள், வளைவில் ஒருவர்மேல் ஒருவர் விழுவோம். சைக்கிளின் டைனமோ விளக்கு, மிதித்தால்தான் எரியும். இறங்கி நின்றால் ஆள் இருட்டில் மறைந்துவிடுவார். சம்பள இரவுகளில் சாராய வாடையோடு எத்தனை மோட்டார்கள் கால்வாயில் இறங்கின என்பதற்குக் கணக்கு இல்லை. 1992இல் மோட்டார் சைக்கிளுக்குப் பகலிலும் முன்விளக்கு எரிய வேண்டும் என்று சட்டம் வந்தபோது, "வெயில்ல லைட்டா?" என்று சிரித்தவர்களில் நானும் ஒருவன். அது உயிர்களைக் காப்பாற்றியது என்று பின்னால் ஆய்வுகள் காட்டின. 1996இல் இந்த நாட்டில் 10,000 வாகனங்களுக்கு எட்டுப் பேருக்கு மேல் சாலையில் செத்தார்கள். இருபது ஆண்டுகள் கழித்து அது மூன்றுக்கும் கீழே வந்துவிட்டது. சாலை அகலமானது, வண்டி உறுதியானது, ஆஸ்பத்திரி பக்கத்தில் வந்தது. ஆனால் வண்டிகள் பெருகியதால் செத்தவர்களின் தலைக்கணக்கு அந்த அளவுக்கு இறங்கவில்லை: 2016இல் 7,152 பேர், 2019இல்கூட 6,167 பேர். இவர்களில் பத்துக்கு ஆறு பேருக்கும் மேல் மோட்டாரில் போனவர்கள். நம் பிள்ளைகள் ஓட்டுவது பெரும்பாலும் அதைத்தான்.

எது எப்போது மாறியது என்று நினைத்துப் பார்க்கிறேன். பாயான் லெப்பாசில் தொழிற்பேட்டை 1972இல் வந்தது. கெடாவின் தோட்டத்து வாசல்களுக்கே தொழிற்சாலை பஸ் வரத் தொடங்கியது. என் அக்கா அதில்தான் போனாள். 1985இல் பினாங்குப் பாலம். அதே ஆண்டில்தான் மலேசியாவில் முதல் கைப்பேசிச் சேவையும் வந்தது, ஆத்தூர் (ATUR) என்று பெயர். நம் சேலத்து ஆத்தூர் என்று நினைத்து என் சித்தப்பா ஒருவர் பெருமைப்பட்டார். செங்கல் அளவு கருவி, காரில் பொருத்தியிருப்பார்கள், தவுக்கேதான் வைத்திருப்பார். 1994இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுதாகத் திறந்தது. 1996இல் கூலிம் ஹைடெக் பார்க். இதற்கு நடுவில் கித்தா மரங்கள் விழுந்து செம்பனை எழுந்தது, சில தோட்டங்கள் தாமான் குடியிருப்புகளாயின, லயத்துச் சனம் சுங்கைப் பட்டாணிக்கும் பாடாங் செராய்க்கும் லூனாசுக்கும் வீடு மாறியது. முன்பு பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, நடந்துபோன குடும்பம் இப்போது வேலைக்கு நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் ஓட்டியது. வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே இத்தனை சாலை விழுந்த அதே வேளையில்தான் கைப்பேசியும் கைக்கு வந்து சேர்ந்தது. இரண்டும் ஒன்றையொன்று தேடி வந்தது போல.

கெடாவுக்கென்று ஒரு தனிச் சிக்கலும் உண்டு. வெளியூர்க்காரர்களுக்கு இது சட்டென்று விளங்காது. இங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும். பினாங்கில் சனியும் ஞாயிறும். அப்பன் பிறையிலோ பாயான் லெப்பாசிலோ வேலை செய்வான், பிள்ளைகள் சுங்கைப் பட்டாணியில் பள்ளிக்கூடம் போகும். வெள்ளிக்கிழமை பிள்ளைகள் வீட்டில், அப்பன் ரோட்டில். ஞாயிறு அப்பன் வீட்டில், பிள்ளைகள் வகுப்பில். எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பேச வாரத்தில் ஒரு சனிக்கிழமைதான், அதிலும் ஓவர்டைம் வந்தால் அதுவும் இல்லை. அப்புறம் குடும்பம் எங்கே பேசும்? பாலத்தின்மேல் பேசும். டோல் சாவடி வரிசையில் பேசும். தங்கச்சி அழுகிறாள், கேஸ் முடிந்துவிட்டது, கோயில் திருவிழாவுக்கு எவ்வளவு எழுத, எல்லாம் மோட்டார் ஓடும்போதுதான் முடிவாகிறது. கப்சாய் ஓட்டுகிறவன் கைப்பேசியைத் தொட்டால் உடனே இளைஞர்களின் திமிர் என்று எழுதிவிடுகிறோம். பாதி நேரம் அது திமிர் இல்லை, குடும்பம்.

மீதிப் பாதியில் முதலாளி இருக்கிறார். சூப்பர்வைசரின் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு நீலக் கோடு விழுந்தபின் பதில் ஐந்து நிமிடம் தாமதமானால், "பார்த்தும் பதில் இல்லை" என்று ஒரு வரி வரும். சாப்பாடு கொண்டு போகிற தம்பிகளுக்கு இன்னும் மோசம். ஹேண்டில் பாரில் கைப்பேசித் தாங்கி, மழைக்கு ஒரு பிளாஸ்டிக் உறை, உதறாமல் இருக்க ரப்பர் வளையம். ஆர்டர் திரையில்தான் வரும், வழியும் திரையில்தான் தெரியும், அடுத்த ஆர்டரை ஏற்க விநாடிகள் ஓடும், வாடிக்கையாளரும் அதே திரையில்தான் "எங்க இருக்கீங்க?" என்று கேட்பார். கைப்பேசியைப் பார்க்காதே என்று அவனிடம் சொல்வது, மரத்தைப் பார்க்காமல் பால் வெட்டு என்று சொல்வதற்குச் சமம். ஊராரைப்போல் நானும் இரண்டு முறை அவர்களுக்குப் போன் பண்ணி அவசரப்படுத்தியிருக்கிறேன். ரொட்டி சானாய் ஆறிவிடும் என்ற பெருங்கவலையில்.

கண்ணை எடுத்தால் என்ன ஆகும் என்பது சாதாரணக் கணக்கு. மணிக்கு 90 கிலோமீட்டரில் போகிற வண்டி விநாடிக்கு 25 மீட்டர் தாண்டும். அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் ஆய்வாளர்கள் லோரிகளுக்குள் கேமரா வைத்துப் பார்த்து 2009இல் சொன்னது: குறுஞ்செய்தி பார்க்கிறவரின் கண், ஆறு விநாடியில் 4.6 விநாடி சாலையில் இல்லை. நம் வேகத்தில் அது 115 மீட்டர். அலோர் ஸ்டார் சாலையில் அந்தத் தூரத்துக்குள் ஒரு பாலமும், இரண்டு சந்தும், குறுக்கே வரும் ஒரு டிராக்டரும் இருக்கலாம்.

இது எல்லோருக்கும் ஓரளவு தெரியும். தெரியாதது அடுத்தது. "நான் கையில் பிடிப்பதில்லை, காதில்தான் மாட்டியிருக்கிறேன்" என்று நம்மில் பலர் நல்ல பிள்ளையாகச் சொல்கிறோம். கனடாவின் டொரொண்டோவில் விபத்தில் மாட்டிய 699 ஓட்டுநர்களின் தொலைபேசிக் கட்டணப் பதிவுகளை எடுத்து, மோதிய நிமிடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 1997இல் வெளியான முடிவு: பேசும்போது விபத்துக்கான வாய்ப்பு நான்கு மடங்கு. காதில் மாட்டிப் பேசினாலும் குறைந்ததாகத் தெரியவில்லை. கை சும்மா இருந்தாலும் மூளை வேறு வீட்டில் இருக்கிறது. கண் திறந்திருக்கும், முன்னால் நிற்கும் மாடும் கண்ணில் விழும், ஆனால் அது மாடு என்று உள்ளே போய்ச் சேராது.

அப்படியானால் பின்னால் உட்கார்ந்து பேசும் மனைவி? அம்மா ஹொண்டாவின் பின்னிருக்கையில் ஒருபக்கமாக உட்கார்ந்து பீடோங் வரை வாய் மூடாமல் வருவார். சந்தை விலை, நாத்தனார் செய்தது, என் பரீட்சை. ஆனால் எதிரில் பஸ் வந்தால் வாக்கியம் பாதியில் நிற்கும். அப்பாவின் சட்டையை இறுக்கிப் பிடிப்பார். பஸ் தாண்டியதும் விட்ட இடத்திலிருந்து நாத்தனார் மறுபடி வருவார். பக்கத்தில் இருப்பவர் சாலையையும் சேர்த்துப் பார்க்கிறார், எப்போது வாயை மூட வேண்டும் என்று அவருக்குத் தெரிகிறது. வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து கூப்பிடுகிறவருக்குப் பஸ் தெரியாது. அவர் பாட்டுக்குக் கேட்டுக்கொண்டே இருப்பார்.

அதே வண்டியில் இருந்தாலும், போனில் கூப்பிடுகிறவருக்குப் பாதை தெரியாது. 2013 ஜூலை 24இல் ஸ்பெயினின் சாந்தியாகோ தே கோம்போஸ்தேலா நகருக்கு அருகே ஒரு ரயில் வளைவில் தடம் புரண்டது. அங்கே 80இல் போக வேண்டும், ரயில் 179இல் போனது. ஏறத்தாழ 80 பேர் செத்தார்கள். ஓட்டுநர் அதற்குச் சில விநாடிகளுக்கு முன்புவரை போனில் பேசிக்கொண்டிருந்தார். கூப்பிட்டது யார்? அதே ரயிலின் டிக்கெட் பரிசோதகர். பேச்சு எதைப் பற்றி? இன்னும் வராத ஒரு நிலையத்தைப் பற்றி. அவரும் வம்பளக்கக் கூப்பிடவில்லை, பயணிகளின் வசதிக்காகத்தான் கேட்டார். அந்தப் பாதையில் வேகத்தைத் தானே குறைக்கும் கருவி இல்லாததும் பெரிய காரணம், அதையும் சொல்ல வேண்டும். ஆனால் எனக்கு மறக்காமல் நிற்பது அந்த அழைப்புதான். ஓட்டுகிறவனை, அவன் ஓட்டிக்கொண்டிருக்கிறான் என்று நன்றாகத் தெரிந்த ஒருவர் கூப்பிட்டார்.

நம் சட்டம் கூப்பிடுகிறவரைத் தேடாது. எடுக்கிறவரைத்தான் பிடிக்கும், அதுவும் மென்மையாக. மோட்டார் வாகன விதிகளின் 17ஏ பிரிவு ஓட்டும்போது கைப்பேசி பயன்படுத்துவதைத் தடுக்கிறது, சம்மன் 300 ரிங்கிட். குடித்துவிட்டு ஓட்டுவதற்கு எதிராக நாடே கொதித்தபோது 2020இல் சட்டத்தைத் திருத்தினார்கள்: குடிபோதையில் ஓட்டி உயிரைப் பறித்தால் 10 முதல் 15 ஆண்டு சிறை, 50,000 முதல் 1,00,000 ரிங்கிட் அபராதம். சரியான காரியம். ஊதிப் பார்க்க ஒரு கருவி இருப்பதால் அதை நிரூபிக்கவும் முடிகிறது. கைப்பேசிப் போதைக்கு ஊதும் கருவி கிடையாது. விழுந்த மோட்டாருக்குப் பக்கத்தில் உடைந்த திரையோடு அது கிடக்கும், கடைசியாக யார் என்ன கேட்டார் என்று யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. பார்த்தால் அந்த வீட்டில் இன்னொரு உயிரும் போகும் என்பதும் உண்மைதான்.

கெடா தோட்டங்களுக்குப் போதையோடு சண்டை போட்ட வரலாறு உண்டு. ஏ. எம். சாமியின் தலைமையில் ஹார்வர்ட் தோட்டத்தில் கிளம்பிய தொண்டர் படை கள்ளுக்கடைகளுக்கு எதிராக நின்றது. 1947இல் பீடோங் பக்கம் கள்ளுக்கடை மறியலில் போலீஸ் புகுந்து ஒரு தொழிலாளியின் உயிரே போனது. பால்வெட்டுக்காரர்கள், தங்கள் ஆட்களைத் தாங்களே திருத்தப் புறப்பட்டது சின்ன விஷயமில்லை. அவர்களுக்கு ஒரு வசதி இருந்தது. கள்ளுக்கடைக்கு வாசல் இருந்தது, அந்த வாசலில் போய் நிற்க முடிந்தது. இன்றைய கடை ஒவ்வொருத்தர் சட்டைப் பையிலும் இருக்கிறது. மறியல் செய்வதென்றால் அவரவர் சட்டைப் பைக்கு முன்னால்தான் நிற்க வேண்டும்.

நானும் ஒழுங்கு கிடையாது. மூன்று வருடத்துக்கு முன், குரூணிலிருந்து அலோர் ஸ்டார் போகும் பழைய சாலையில், பக்கத்திலேயே வான் மாட் சமான் கால்வாய் ஓடும் இடத்தில், அக்காவின் அழைப்பு வந்தது. ஒரே அடியில் எடுக்காவிட்டால் அவள் மறுபடி கூப்பிடுவாள், அதற்குப் பயந்தே எடுத்தேன். "எங்க இருக்கே?" என்றாள். பதில் சொல்ல நிமிர்ந்தபோது இடது சக்கரம் புல்லில் இருந்தது. புல்லுக்கு அப்பால் தண்ணீர். வண்டியைத் திருப்பி நிறுத்தியபோது கை நடுங்கியது. அக்கா போனில், "என்னடா சத்தம்? ஹலோ? ஹலோ?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அவளிடம் நடந்ததைச் சொன்னேன். அழுதாள், திட்டினாள், என்னைத்தான். பிறகு இரண்டு நாள் கழித்து அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். வீட்டை விட்டுக் கிளம்பும்போது "கிளம்பிட்டேன்" என்று ஒரு வார்த்தை அனுப்ப வேண்டும். அதைப் பார்த்ததும் அவள் கூப்பிட மாட்டாள். சேர்ந்ததும் நான் கூப்பிட வேண்டும். இடையில் வீடே பற்றி எரிந்தாலும் நான் வண்டியை நிறுத்திப் பார்க்கும்வரை எனக்குத் தெரியாது. ஆரம்பத்தில் அவளால் முடியவில்லை. ஒன்றரை மணி நேரம் ஆனால் என் மருமகனைவிட்டு வாசலில் பார்க்கச் சொல்வாளாம், சுங்கைப் பட்டாணி வாசலிலிருந்து அலோர் ஸ்டார் தெரியும் என்பதுபோல. இப்போது பழகிவிட்டது. அந்த நேரத்தில் அரிசி பொறுக்குவதாகச் சொல்கிறாள். இந்தக் காலத்துப் பாக்கெட் அரிசியில் பொறுக்க என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை.

இதைப் படிக்கிற அம்மாக்களுக்கும் அக்காக்களுக்கும் சூப்பர்வைசர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆள் ரோட்டில் இருக்கிறான் என்று தெரிந்தால் கூப்பிடாதீர்கள். தெரியாமல் கூப்பிட்டு, பின்னால் காற்றுச் சத்தம் கேட்டால், "வை, அப்புறம் பேசலாம்" என்று நீங்களே முதலில் வையுங்கள். சேர்ந்ததும் அவன் கூப்பிடுவான்.